காற்றின் முகம் பார்த்துக் கிளம்புங்கள்: பாலக்காட்டுக் கணவாயில் சைக்கிள் பயணம்

எங்கள் பக்கம் சைக்கிளில் சுற்ற வருகிறவர்கள் முதலில் கேட்பது, மேடு அதிகமா என்பதைத்தான். மேடு இங்கே பெரிய விஷயமே இல்லை. கேட்க வேண்டியது காற்றை.

நான் கொழிஞ்சாம்பாறையில் தையல்கடை வைத்திருக்கிறேன். கேரளம்தான், ஆனால் கடைக்கு வருகிற பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் ஊர். தெற்கே நெல்லியாம்பதி மலை, வடக்கே வாளையாறு மலை. இடையில் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிட்டிருக்கிறது. அந்த வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று வீசும். மார்கழி, தையில் அப்படியே திரும்பிக் கிழக்கிலிருந்து வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை நாங்கள் மிகையாக நினைப்பதில்லை.

இதோடு நிலத்தின் சரிவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 290 மீட்டர் உயரம். பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவு காலுக்குத் தெரியும். ஆடி மாதம் பொள்ளாச்சியிலிருந்து மேற்கே வந்தால் காற்று எதிர்த்தாலும் இறக்கம் கைகொடுக்கும். திரும்பும்போது ஏற்றம் என்றாலும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். தை மாதம் அதே வழியில் வந்தால் காற்றும் இறக்கமும் சேர்ந்து உங்களைப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் கொண்டுவந்து விட்டுவிடும், சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் ஏற்றமும் எதிர்க்காற்றும் உச்சி வெயிலும் ஒன்றாக வந்து நிற்கும். அதனால் தையில் சித்தூரிலோ பாலக்காட்டிலோ இருந்து கிளம்பிக் கிழக்கே போங்கள். எந்த மாதமானாலும் விதி ஒன்றுதான்: போகும்போது காற்று முகத்தில் பட வேண்டும், வரும்போது முதுகில். வாசலில் நின்று தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே போதும்.

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் 40 டிகிரி சாதாரணமாகத் தொடும். அப்போது விடியலில் கிளம்பிக் காலை ஒன்பதரைக்குள் நிழலுக்குள் வந்துவிட வேண்டும். பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சைக்கிள் எதுவாக இருந்தாலும் சரி. கியர் இல்லாத, கேரியர் வைத்த பழைய வண்டி இந்தச் சமவெளிக்குத் தாராளமாகப் போதும். டயர் சற்று அகலமாக இருந்தால் கால்வாய்க் கரை மண்ணில் இறங்காது. கியர் வண்டியில் வருகிறவர்கள் காற்றடிக்கும் பம்பைக் கையோடு கொண்டுவர வேண்டும். அந்த ட்யூபின் வால்வுக்குப் பொருந்தும் பம்ப் கிராமத்துச் சைக்கிள் கடையில் இருக்கும் என்று நம்பி வரக் கூடாது.

பை விஷயத்தில் என் தொழில்புத்தியைக் கொஞ்சம் கேளுங்கள். முதுகுப் பை வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்து, தோள்பட்டை இறுகி, ஆற்றைப் பார்க்கிற மனசே போய்விடும். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி, நடுவில் பட்டை வைத்து இணைத்த இரட்டைப் பை தைத்துக்கொள்ளுங்கள். வெளியே கான்வாஸ், உள்ளே பழைய குடைத் துணி. குடைத் துணிக்குள் மழைத் தண்ணீர் எளிதில் இறங்காது, காசும் கிடையாது. பையின் முன்பக்க ஓரத்தை நேராக வெட்டாமல் பின்னோக்கிச் சரித்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். அடியில் ஒரு கொக்கி வைத்து கேரியரின் கால் கம்பியில் மாட்டிவிட்டால் பை உள்பக்கம் ஆடி ஸ்போக்கில் சிக்காது. சுடிதாரில் ஓட்டும் பெண்கள் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். காற்றடிக்கிற நாளில் ஊக்கு குத்தினால் மட்டும் நிற்காது. சங்கிலிப் பக்கத்துக் கால் பேண்ட்டுக்கு ஒரு எலாஸ்டிக் வளையம் போதும்.

இனி வழி. எனக்குப் பிடித்தது ஆழியாற்றை ஒட்டிய வழி. ஆனைமலையிலிருந்து இறங்கும் ஆறு அம்பராம்பாளையம் வழியாக மேற்கே வந்து, மணக்கடவு தடுப்பணையைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் அளந்து விடுகிற இடம் அதுதான். கீழே மூலத்தறையில் ரெகுலேட்டர் கட்டி, வலக்கரை, இடக்கரைக் கால்வாய்களில் நீரைப் பிரிக்கிறார்கள். மிச்சம் ஓடுவது சித்தூர்ப் புழை. அதுவே கண்ணாடிப் புழையாகிப் பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகிறது. இந்த நீரின் போக்கைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் வழியில் வரும் ஒவ்வொரு மதகும் ஏன் அங்கே நிற்கிறது என்று புரியும்.

நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போடாதீர்கள். முடிந்த இடத்திலெல்லாம் கால்வாய்க் கரைக்கு இறங்கிவிடுங்கள். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறு பக்கம் நெல் வயலும் வரப்பில் கருப்பாக நிற்கும் பனைகளும். ஆனால் கரையில் கவனம் வேண்டும். சிமெண்ட் பூசிய சரிவில் பாசி படிந்திருக்கும். கால் நனைக்கலாம் என்று இறங்கினால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. குளிக்க நினைக்கவே கூடாது. மதகு பார்க்கும் லஸ்கர்கள் சைக்கிளில் வருவார்கள், நின்று பேசுங்கள். "அம்மிணி, காலையில்தான் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், மேட்டு வழியாகவே போய்விடுங்கள்" என்று அவர் சொல்கிற ஒரு வரி எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

மூலத்தறையிலிருந்து கன்னிமாரி பக்கம் வரும்போது பிளாச்சிமடை வரும். அங்கிருந்த குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளைக் கெடுத்தது என்று 2002இல் மயிலம்மா முதலான ஆதிவாசிப் பெண்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2004இல் ஆலை நின்றது. அந்த ஊர் வழியாகப் போகிறவர்கள் தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுபோவதுதான் மரியாதை என்பது என் எண்ணம். இரண்டு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் இளநீர் தாராளமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டியதும் சித்தூர் தாலூகா முழுக்க உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள். குடிக்கிறவர்கள் வண்டியைப் பூட்டிவிட்டு, அன்றைய ஓட்டத்தை அதோடு முடித்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பஞ்சர் நிச்சயம் வரும். தோப்பு வேலிகளில் வெட்டிப் போட்ட வேலிகாத்தான் முள் டயரை எளிதாகத் துளைக்கும். ட்யூபைக் கழற்றிக் காற்றடித்து, கால்வாயிலிருந்து மொண்ட தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பாருங்கள். குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்தபடியே வெளியே எடுத்துத் துடைத்து, பேனாவால் வட்டம் போடுங்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது பளபளப்பு போய்க் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டு பெயர்ந்துவிடும். அதைவிட முக்கியம், ட்யூபைத் திரும்ப மாட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று தடவுவது. வெளியே முள் ஒடிந்திருக்கும், நுனி மட்டும் உள்ளே அரிசி முனை அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். துணியில் நூல் இழுபடுகிற இடம்தான் அது. பழைய பருத்திச் சேலைத் துண்டு இதற்கு அருமையானது. அந்த நுனியை எடுக்காமல் எத்தனை ஒட்டு போட்டாலும் அடுத்த ஊருக்குள் மறுபடி இறங்கும்.

தெற்கே மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு என்று போவது இன்னொரு வழி. முதலமடை ரயில் நிலையத்தின் ஆலமர நிழலில் உட்காராமல் யாரும் போக வேண்டாம். மழைக்காலத்தில் கொல்லங்கோட்டு வயல் வரப்பில் நின்று பார்த்தால் நெல்லியாம்பதியின் தென்மலைப் பாறை முகத்தில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாக இறங்கும். வயலுக்குள் வண்டியை இறக்கிப் படம் எடுக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வரப்பு உடைந்தால் ஒரு குடும்பத்தின் தண்ணீர் போகிறது, தயவுசெய்து சாலையிலேயே நில்லுங்கள். மாந்தோப்புகள் பூக்கும் பருவத்தில் மருந்து அடிப்பார்கள். வாடை வந்தால் மூக்கைக் கட்டிக்கொண்டு கடந்துவிட வேண்டும். தோப்புக்குள் சென்று உட்காரக் கூடாது.

காட்டைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தில் இருந்தாலும் சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான்: ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப். சேத்துமடை சோதனைச்சாவடியோடு சைக்கிள் பயணம் முடிகிறது. மேலே இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. வனக் காவலரிடம் கெஞ்சுவது அவருக்கும் சங்கடம், புலிக்கும் யானைக்கும் அநியாயம். டீக்கடையில் சொல்லிவிட்டு வண்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறுங்கள். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டாப்சிலிப்பில் தேக்குகளுக்கு நடுவே, அந்தக் காடு மறுபடி வளர உழைத்து 1933இல் இறந்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை இருக்கிறது. பரம்பிக்குளத்தில் கன்னிமாரா என்ற மிகப் பழைய, பெரிய தேக்கு மரம். வனத்துறை வண்டியில் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம்.

சேத்துமடைக்கு வரும் கடைசிச் சில கிலோமீட்டரே யானை நடமாடும் பகுதி. நன்றாக விடிந்த பிறகு நுழைந்து, மாலை நான்கரைக்குள் வேட்டைக்காரன்புதூரைத் தாண்டிவிட வேண்டும். பையில் வாழைப்பழமோ பலாப்பழமோ வேண்டாம். யானையைக் கண்டால் மணி அடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். இறங்கி, சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பி, வந்த வழியே போய் ஆட்கள் இருக்கும் இடத்தில் காத்திருங்கள். இங்கேயும் காற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் முதுகில் அடிக்கிற காற்று, நீங்கள் வருவதற்கு முன்பே உங்கள் வாசனையை யானையிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

தை, மாசியில் முதலமடை வழியாகத் திரும்பினால் அந்த ஆண்டின் முதல் மாம்பழங்கள் கிடைக்கும். வாங்கும்போது இரண்டு பக்கப் பையிலும் சமமாக ஏற்றுங்கள். ஒரு பக்கம் கனத்தால் மண் பாதையில் கைப்பிடி இழுக்கும். அடியில் வைக்கோல் போட்டுக் காம்பு கீழே இருக்கும்படி அடுக்கினால் வீடு வரை நசுங்காது.