தானியங்கி அவசர பிரேக்: கொங்குச் சாலைகளுக்கு வடிவமைக்கும் முறை

மோதல் நெருங்குவதை உணர்ந்து காரே தானாக பிரேக் போடும் அமைப்புதான் தானியங்கி அவசர பிரேக். அதை வடிவமைக்க முனைவோர் பலர், எந்த ரேடார், எந்த கேமரா என்ற கேள்வியில்தான் முதலில் இறங்குகிறார்கள். அதற்கு முன், கார் சாலையில் எவற்றை எதிர்கொள்ளப்போகிறது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். சேலம்–கோவை நெடுஞ்சாலையோரம் பின்விளக்கின்றி நிற்கும் லாரி, சத்தியமங்கலம் பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர், தவறான திசையில் எதிரே வரும் மொபெட், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஆகியவை அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது தூரக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறையுமானால், கார் நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் தேவை. பிரேக்கில் அழுத்தம் ஏறுவதற்குள் 0.3 நொடி கழிந்தால் இன்னும் 5 மீட்டர் போய்விடும். மொத்தம் 25 மீட்டர்; அதே வேகத்தில் அதைக் கடக்க 1.5 நொடி ஆகும். எனவே நிற்கும் பொருளோடு மோத 1.5 நொடி இருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். மழையில் வேகம் குறையும் வீதம் 7-லிருந்து 4 ஆகக் குறைந்தால் மொத்தத் தூரம் 40 மீட்டராகவும் நேரம் 2.4 நொடியாகவும் கூடும். 5 சதவீத இறக்கம் மேலும் அரை மீட்டர் வீதத்தைப் பறித்துக்கொள்ளும். ஆகவே வைப்பர் ஓடுவது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காட்டும் சக்கரச் சறுக்கல், சாலையின் சரிவு ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒரே வரம்பை நிர்ணயிப்பது தவறு.

கரும்பு டிராக்டரைத் தனியே ஆராய வேண்டும். 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கார் ரேடாருக்கு டிரெய்லரின் இரும்புச் சட்டமும் அச்சும் பலமாகத் தெரியும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்போ மங்கலாகவே எதிரொலிக்கும் என்பதால், உண்மையைவிடக் கூடுதலான இடைவெளியை ரேடார் காட்டக்கூடும். கார்களின் பின்புறத்தை மட்டுமே பார்த்துப் பழகிய கேமராவுக்கு அது வாகனமாகவே தோன்றாமல் போகலாம். பகலிலும் இரவிலும் இங்கேயே எடுத்த படங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்து, பாரத்தின் பின்விளிம்பிலிருந்தே தூரத்தை அளக்கச் செய்ய வேண்டும்.

நிற்கும் பொருள்கள் இன்னொரு சிக்கல். மேம்பாலத் தூணும் பெயர்ப்பலகையும் நிற்கும் லாரியும் ரேடாருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அவற்றைப் புறக்கணித்தால் விபத்து நேரும். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டாலோ, இங்கே எப்போதும் ஒட்டியே பின்தொடரும் இருசக்கர வாகனம் நம் காரில் வந்து மோதும். என் கருத்தில், ரேடார், கேமரா ஆகிய இரு உணரிகளில் ஒன்று மட்டும் சொன்னால் எச்சரிக்கையும் இலேசான பிரேக்கும், இரண்டும் ஒத்துச் சொன்னால் முழு பிரேக்கும் என்று பிரிப்பதே பொருத்தம். கொண்டை ஊசி வளைவில் நேர் எதிரே தெரியும் தடுப்புச்சுவரை ஆபத்தாகக் கொள்ளாதிருக்க, ஸ்டியரிங் கோணத்தையும் கார் திரும்பும் வேகத்தையும் வைத்துப் பாதையைக் கணிக்க வேண்டும்.

கருவி பழுதாவதால் வரும் ஆபத்தை ஐஎஸ்ஓ 26262 என்ற சர்வதேசத் தரநிலையும், பழுதில்லாமலே தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் ஆபத்தை ஐஎஸ்ஓ 21448 தரநிலையும் கையாளுகின்றன. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. ஆகையால் பொதுச்சாலையில் முதலில் பிரேக் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அமைப்பு எங்கெல்லாம் பிரேக் போட்டிருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்து, ஒவ்வொரு பதிவையும் காணொளியோடு ஒப்பிட வேண்டும். மெத்தையாலான பொம்மை வாகனத்தை நிறுத்தி உண்மையாக பிரேக் போட்டுப் பார்ப்பதை மூடிய தடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ அமைப்பு விட்டுக்கொடுக்கிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிட வேண்டும்.