ஏரி கோடி போவுதான்னு மேப்புக்குத் தெரியாது

ஐப்பசி, கார்த்திகையில் வேலூர்ப் பக்கம் கார் எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்பாடியில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். எனக்கு வரும் சவாரியில் பாதி, சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து, ரிப்போர்ட் கைக்கு வரும்வரை லாட்ஜில் அடைந்து கிடக்க முடியாத வங்காளக் குடும்பங்கள். "ஏலகிரி போலாம், மேப் இருக்கே" என்பார்கள். இருக்கட்டும். மழையில் அதை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதுதான் விஷயம்.

மழை வந்தால் சாட்டிலைட் சிக்னல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற அந்த அலையை மழை பெரிதாக ஒன்றும் செய்யாது. போவது போன் டவர்தான். டேட்டா அறுந்ததும் நீலப் புள்ளி பாட்டுக்கு நகரும், சுற்றி இருக்கிற படம் வெளுத்துவிடும். அதனால் லாட்ஜ் வைஃபையிலேயே வேலூர், திருப்பத்தூர், போளூர் மூன்றும் அடங்குகிற மாதிரி ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்துவிடுங்கள். மலைச் சரிவில் புள்ளி அங்கே இங்கே தாவும். பாதி வானத்தை மலையே மறைத்துக்கொண்டால் தேவையான நாலு சாட்டிலைட் சிக்குவது கஷ்டம். பைபாஸில் மேம்பாலத்து மேலே போகிறோமா, கீழே சர்வீஸ் ரோட்டிலா என்பதும் அதற்குச் சட்டென்று பிடிபடாது. அங்கே போர்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

ஊர்ப் பெயரை முழுசாக அடியுங்கள். பாலாற்று அணைக்கட்டைப் பார்க்க வாலாஜா பக்கம் போக வேண்டியவர் "அணைக்கட்டு" என்று மட்டும் போட்டால், எதிர்த்திசையில் ஒடுகத்தூர் ரோட்டில் இருக்கிற அணைக்கட்டு என்கிற ஊரில் போய் நிற்பார். மாவட்டப் பெயரை வைத்தும் தேடாதீர்கள். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததில் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. என் அப்பாவுக்கு இன்னும் எல்லாமே வடஆற்காடுதான், அது வேறு கதை.

ஏலகிரி மேலே நின்றுகொண்டு ஜலகாம்பாறை அருவியைத் தேடினால் இதோ பக்கத்தில் என்று காட்டும். அருவி இருப்பது அதே மலையின் மறுபக்கச் சரிவில். நடந்து இறங்குகிறவர்கள் இறங்கலாம், காருக்கு அந்த வழி கிடையாது. 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பொன்னேரி வந்து, திருப்பத்தூரைச் சுற்றித்தான் போகணும். இறங்கும்போது செகண்ட் கியர், மூடுபனியில் லோ பீம், ஏறி வருகிற வண்டிக்கு வழி.

போன கார்த்திகையில் அப்படிச் சுற்றிப் போகும்போதுதான் "ஏழு நிமிஷம் மிச்சம்" என்று மேப் ஒரு கிளை ரோட்டைக் காட்டியது. பின்சீட்டுக்காரர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ரோடு தார் ரோடுதான். முனையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தலையில் யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார்.

"ஐயா, இந்த வழியா பஸ் போவுதா?"

"நேத்து வரைக்கும் போச்சு தம்பி. ராத்திரி ஏரி கோடி போயிடுச்சி."

ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியே வழிவதைத்தான் இங்கே கோடி போவது என்பார்கள். இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். தரைப்பாலத்து ஓரக் கற்களின் வெள்ளைத் தலை மட்டும் தெரிந்தது. செம்மண் தண்ணீர் பனை ஓலை ஒன்றைச் சுழற்றி அடித்துக்கொண்டு ரோட்டைக் குறுக்கே தாண்டியது. மேப்பில் அந்த இடம் நல்ல பச்சையாக, நெரிசலே இல்லாமல் இருந்தது. யாரும் போகாத ரோட்டில் நெரிசல் எங்கிருந்து வரும்?

ஆகவே வழி கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "இது அருவிக்குப் போவுமா?" என்று கேட்டால் யாரும் போவும் என்றுதான் சொல்வார்கள். பஸ் போவுதா, ஏரி கோடி போவுதா, இந்த இரண்டையும் கேளுங்கள். டீக்கடையில், இல்லாவிட்டால் பால் வண்டிக்காரரிடம் கேட்பது உத்தமம்; அவர் விடியற்காலையிலேயே எல்லா ஊரையும் தொட்டு வந்திருப்பார்.

இந்தப் பக்கத்து ஆறெல்லாம் வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல். அதனால்தான் பல இடத்தில் பாலம் கட்டாமல் தரைப்பாலத்தோடு விட்டிருக்கிறார்கள். அதே பாலாறு 2021 நவம்பரில் எப்படி ஓடியது என்று பார்த்தவர்கள் தரைப்பாலத்தில் வீரம் காட்ட மாட்டார்கள். ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். ரோட்டு ஓரம் கண்ணுக்குத் தெரியவில்லையா, வந்த வழியே ரிவர்ஸ் எடுங்கள். ஏரிக்கரையில் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள், ஈரக்கரை சரியும். ரயில்வே சுரங்கப்பாதைக்கும் இதே கதைதான். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். உள்ளே போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும், அப்புறம் முழு இன்ஜின் வேலை.

எந்தப் பக்கமும் போக முடியாத நாளில் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போங்கள். பைபாஸை விட்டுக் கொஞ்சம் உள்ளே. சுவாமி பெயரே வழித்துணைநாதர். மதிலும் மண்டபத் தூண்களும் பார்க்க அரை நாள் ஆகும். அங்கே நேரம் காட்டுகிற கல் ஒன்று உண்டு, மழை நாளில் அது வேலை செய்யாது.

வாடகை வண்டி என்றால், சுற்று வழிக்கு ஆகும் கூடுதல் கிலோமீட்டர் யார் கணக்கு என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே டிரைவரிடம் பேசிவிடுங்கள். ஏழு நிமிஷக் குறுக்கு வழியைக் காட்டி அவரை நச்சரிக்கிற வேலை மிச்சம்.