ரெக்வயர்மென்ட் டூல் தேர்வு: ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்

ஒரு பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை, அதாவது ரெக்வயர்மென்ட்களை, எழுதி நிர்வகிக்கும் டூலை வாங்கப் போகும் குழு முதலில் செய்வது பெரும்பாலும் ஒரு எக்செல் தாள். இடப்பக்கம் நூறு வசதிகள், மேலே ஐந்து டூல்களின் பெயர்கள். விற்பவர்களிடம் அனுப்பினால் எல்லாக் கட்டத்திலும் "உண்டு" என்று நிரம்பித் திரும்பி வரும். அதில் பொய் இருக்காது. வரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் லிங்க், ஒரு கட்டத்து நிலையை அப்படியே உறையவைக்கும் பேஸ்லைன், ரிவ்யூ, எக்ஸ்போர்ட் ஆகியவை முதிர்ந்த டூல்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தாளை வைத்து முடிவெடுக்க முடியாது.

முடிவெடுக்க உதவுவது ஒரே ஒரு சோதனை. உங்கள் சொந்த ப்ராஜெக்டின் ஒரு துண்டை ஒவ்வொரு டூலிலும் ஏற்றுங்கள், ஒரு எண்ணை மாற்றுங்கள், என்ன நடக்கிறது என்று பாருங்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி மேலாண்மை சிஸ்டத்தை, அதாவது பிஎம்எஸ்ஸை, எடுத்துக்கொண்டு அதைக் காட்டுகிறோம்.

சிஸ்டம் நிலையில் ஒரு ரெக்வயர்மென்ட்: "சார்ஜ் ஆகும்போது எந்தச் செல்லின் வெப்பநிலையும் 60 டிகிரியைத் தாண்டினால், பிஎம்எஸ் 500 மில்லி நொடிக்குள் சார்ஜிங்கைத் துண்டிக்க வேண்டும்." இதற்குக் கீழே சாஃப்ட்வேர் ரெக்வயர்மென்ட்: "வெப்பநிலையை 100 மில்லி நொடிக்கு ஒருமுறை படித்து, தொடர்ந்து மூன்று அளவுகள் 60-க்கு மேல் இருந்தால் சார்ஜ் மாஸ்ஃபெட்டை (மின்னணு ஸ்விட்ச்சை) அணைக்க வேண்டும்." ஹார்ட்வேர் பக்கம்: "தெர்மிஸ்டர் (வெப்ப உணரி) சுற்றின் பிழை 2 டிகிரிக்குள் இருக்க வேண்டும்." சாஃப்ட்வேர் ரெக்வயர்மென்டைச் சோதிக்க இரண்டு டெஸ்ட் கேஸ்கள்: 63 டிகிரியில் துண்டிக்க வேண்டும், 57 டிகிரியில் துண்டிக்கக் கூடாது.

இப்போது 60-ஐ 55 ஆக்குங்கள். சாஃப்ட்வேர் வரி மாற வேண்டும். ஹார்ட்வேர் வரி மாறாது, ஆனாலும் ஒருவர் பார்த்து "சரி" என்று பதிய வேண்டும். 63-இல் துண்டிக்கும் டெஸ்ட் அப்படியே பாஸ் ஆகும். சிக்கல் 57-இல் இருக்கிறது. இனி அங்கே துண்டிப்பதுதான் சரி, ஆனால் டெஸ்ட் கேஸ் "துண்டிக்கக் கூடாது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இதை டூல் காட்டிக்கொடுக்காவிட்டால் டெஸ்டர் சரியான சாஃப்ட்வேர் மீது பக் எழுதுவார். யாரோ ஒருவர் அதை "திருத்தி" 60-க்கே கொண்டுபோய்விடவும் கூடும்.

சோதனைக்கு எடுக்கும் துண்டு

150 முதல் 200 ரெக்வயர்மென்ட்கள் போதும். மூன்று நிலைகளும், கூடவே 40 டெஸ்ட் கேஸ்களும் இருக்கட்டும். அதில் வேண்டுமென்றே கரடுமுரடான சரக்கைச் சேர்க்க வேண்டும்: கட்டங்கள் (செல்கள்) இணைக்கப்பட்ட மூன்று அட்டவணைகள், பத்துப் படங்கள், கீழெழுத்து வரும் ஒரு சூத்திரம், டிகிரி, ஓம், மைக்ரோ குறிகள். மிருதுவான டெமோ தரவில் எந்த டூலும் அழகாகத்தான் ஓடும்.

இரண்டு வாரம், மூன்று பேர்: எழுதுபவர் ஒருவர், டெஸ்டர் ஒருவர், நிர்வகிக்கப் போகிறவர் ஒருவர். தரவை விற்பவரின் ஆட்கள் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்றும்போது படும் பாடுதான் அந்த டூலைப் பற்றிய முதல் உண்மையான தகவல்.

வேர்டிலிருந்து இம்போர்ட் செய்தால் டூல் தலைப்புகளை ஹெடிங் ஸ்டைல் வைத்துத்தான் அடையாளம் காணும். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு செய்து தலைப்பு மாதிரி காட்டியிருந்தால் ஆவணம் முழுக்க ஒரே மட்டத்தில் கொட்டிவிடும். முதலில் ஸ்டைல்களைச் சரிசெய்யுங்கள். எக்செலிலிருந்து என்றால் வேறு பொறிகள்: "007" என்ற அடையாள எண் 7 ஆகும், "1-2" என்பது தேதியாக மாறும், ஒரு செல்லில் 32,767 எழுத்துகளுக்கு மேல் நிற்காது. அடையாள எண் நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றிய பிறகே தட்டச்சு செய்யுங்கள். ஒரே வரியில் இரண்டு "வேண்டும்" இருந்தால் இம்போர்டுக்கு முன்பே பிரித்துவிடுங்கள். பின்னால் பிரித்தால் பழைய லிங்க்குகள் எந்தப் பாதியோடு போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டிவரும்.

லிங்க் கீழிருந்து மேலே போகட்டும்: சாஃப்ட்வேர் ரெக்வயர்மென்ட் சிஸ்டம் ரெக்வயர்மென்டைச் சுட்ட வேண்டும், டெஸ்ட் கேஸ் தான் சோதிக்கும் ரெக்வயர்மென்டைச் சுட்ட வேண்டும். அப்போது கீழ்நிலைக் குழுவுக்கு மேல்நிலை ஆவணத்தில் எழுதும் அனுமதி தர வேண்டியிருக்காது.

மாற்றத்தைப் பின்தொடர்வது

60-ஐ 55 ஆக்கியதும் சாஃப்ட்வேர், ஹார்ட்வேர் லிங்க்குகள் இரண்டும் "சஸ்பெக்ட்" ஆக வேண்டும், அதாவது மறுபடி சரிபார்க்க வேண்டியவை என்று டூல் குறியிட வேண்டும். டெஸ்ட் கேஸ் உடனே ஆகாது. பெரும்பாலான டூல்கள் நேரடி லிங்க்கை மட்டுமே குறிக்கும். இது குறையல்ல. சாஃப்ட்வேர் வரியைப் பார்த்து மாற்றிய பிறகே அடுத்த படி சஸ்பெக்ட் ஆக வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஒரு எழுத்து மாறினால்கூடக் கீழே ஆயிரம் டெஸ்ட் கேஸ் சிவப்பாகும். சிவப்பு அதிகமானால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதே காரணத்துக்காக எதிர்ச் சோதனையும் செய்யுங்கள். உரையைத் தொடாமல் "பொறுப்பாளர்" அல்லது "முன்னுரிமை" புலத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். சஸ்பெக்ட் ஆகிறதா? ஆகக் கூடாது. ஐபிஎம்மின் டூலான பழைய டோர்ஸில் ஒவ்வொரு அட்ரிப்யூட்டுக்கும் (புலத்துக்கும்) அதன் மாற்றம் பொருளின் மாற்றத் தேதியைத் தொட வேண்டுமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைச் சரியாக அமைக்காத டேட்டாபேஸில் சஸ்பெக்ட் லிங்க் என்பதற்குப் பொருளே இல்லாமல் போகும். ஒவ்வொரு டூலிலும் இந்தத் தேர்வு எங்கே இருக்கிறது, அதை மாற்ற யாருக்கு அனுமதி உண்டு என்று எழுதி வையுங்கள்.

சஸ்பெக்டை நீக்குவது யார் என்பதும் முக்கியம். ஒரே கிளிக்கில் ஐந்நூறு லிங்க்கை நீக்க முடிந்தால், ரிலீஸுக்கு முந்தைய இரவு அது கட்டாயம் நடக்கும். நீக்கியவர் பெயரும் நாளும் வரலாற்றில் பதிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பேஸ்லைன்

மாற்றத்துக்கு முன் ஒரு பேஸ்லைன், பின் ஒன்று. இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். உரை வித்தியாசத்தை எல்லா டூலும் காட்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: முதல் பேஸ்லைனில் சிஸ்டம் ரெக்வயர்மென்ட், சாஃப்ட்வேர் ரெக்வயர்மென்டின் எந்தப் பதிப்போடு இணைந்திருந்தது? டோர்ஸின் பழைய பதிப்பில் பேஸ்லைன் மாட்யூல் வாரியானது, அதாவது ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி. பல மாட்யூல்களைச் சேர்த்து உறையவைக்க பேஸ்லைன் செட் அமைக்க வேண்டும். அதை அமைக்காமல் தனித்தனியாக எடுத்தவர்கள் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

வேலைகளையும் பக்குகளையும் கண்காணிக்கும் ஜிராவை மட்டும் வைத்து ரெக்வயர்மென்ட் நடத்த நினைப்பவர்கள் இங்கேதான் நிற்க வேண்டும். அதன் அடிப்படை அமைப்பில் பேஸ்லைனும் இல்லை, சஸ்பெக்ட் லிங்க்கும் இல்லை. இரண்டுக்கும் ஆட்-ஆன் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு அந்த ஆட்-ஆனையும் முழு டூலாக வைத்து இதே சோதனைகளைச் செய்யுங்கள். பாதுகாப்புத் தரம் எதுவும் கேட்காத சிறிய வெப் ப்ராஜெக்டுக்கு ஜிரா போதும். வாகன மின்னணுவுக்கான பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 26262 கேட்கும் பிஎம்எஸ்ஸுக்கு வெறும் ஜிரா போதாது.

ரெக்இஃப்: போய்த் திரும்ப வேண்டும்

கார் நிறுவனங்கள் சப்ளையருக்கு ரெக்வயர்மென்ட் அனுப்பும் பொது வடிவம் ரெக்இஃப். ஓஎம்ஜி அமைப்பு 2011-இல் தரமாக வெளியிட்டது. உள்ளே எக்ஸ்எம்எல், படங்களோடு சேர்த்துச் சுருக்கினால் ரெக்இஃப்-இசட். "ரெக்இஃப் உண்டு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருவழி இம்போர்ட் எளிது. கடினம் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

சோதனை இப்படி: வாடிக்கையாளர் டூலிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நீங்கள் பார்க்கும் டூலில் இம்போர்ட் செய்து, சப்ளையர் நிலை, சப்ளையர் கருத்து என்ற இரண்டு புலங்களை மட்டும் 20 வரிகளில் நிரப்புங்கள். திருப்பி அனுப்பி மூல டூலில் இம்போர்ட் செய்யுங்கள். அந்த 20 வரிகளின் இரண்டு புலங்கள் தவிர வேறு எதுவும் மாறியிருக்கக் கூடாது. பிறகு வாடிக்கையாளர் இரண்டாம் பதிப்பை அனுப்புவது போல ஐந்து வரிகளை மாற்றி மறுபடி அனுப்புங்கள். உங்கள் டூலில் பழைய வரிகள் புதுப்பிக்கப்பட வேண்டும்.

பழைய வரிகள் அப்படியே நிற்க, புதிய நகல்கள் பக்கத்தில் முளைத்தால், டூல் பொருள்களின் உள் அடையாளத்தைக் காப்பாற்றவில்லை என்று பொருள். உங்கள் லிங்க்குகள் எல்லாம் பழைய நகலோடு தங்கிவிடும். அடுத்ததாக உடைவது வடிவமைப்பு. உரை எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவில் போய்வரும்போது இணைந்த செல்கள் பிரியலாம், கீழெழுத்து சாதாரண எழுத்தாகலாம். ஓஎல்இ பொருளாக, அதாவது உள்ளேயே திறந்து திருத்தும்படி, பதித்த எக்செல், விசியோ கோப்புகள் வெறும் படமாகத் திரும்பலாம். யாரும் எதையும் தொடாமலே நூறு வரிகள் "மாறியதாக" வாடிக்கையாளர் பக்கம் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் இந்த வடிவமைப்புச் சிதைவுதான்.

வேரியன்ட்

ஒரு மாடலுக்கு 55 டிகிரி, இன்னொன்றுக்கு 60. இதை நடத்த மூன்று வழிகள். முழு நகலெடுப்பது முதல் மாதம் சுகம், ஆறாம் மாதம் நரகம். ஒவ்வொரு வரியிலும் "எந்த மாடலுக்கு" என்று புலம் வைப்பது நான்கைந்து வேரியன்ட் வரை தாங்கும். அதற்கு மேல் கிளை பிரிக்கும் வசதி வேண்டும். டோர்ஸ் பெயரில் வந்த புதிய டூலான டோர்ஸ் நெக்ஸ்ட் இதில் வலுவானது. ஆனால் ஒரு ப்ராஜெக்டில் இதற்கான கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்டை இயக்கிவிட்டால் மறுபடி அணைக்க முடியாது. தனி ப்ராஜெக்ட் ஏரியாவில் முயன்று பார்த்த பிறகே உண்மையான தரவில் தொடுங்கள்.

டூல்களைப் பற்றிய எங்கள் கணிப்பு

பழைய டோர்ஸ் விண்டோஸ் க்ளையன்டில் ஓடுவது. பல்லாயிரம் வரி மாட்யூல்களைச் சலிக்காமல் தாங்கும். டிஎக்ஸ்எல் மொழியில் எதையும் எழுதிச் சேர்க்கலாம். அதுவே பலவீனமும்: எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் யாருக்கும் புரியாத ஸ்கிரிப்ட்கள் மிஞ்சும், நெடுவரிசைகளில் டிஎக்ஸ்எல் கணக்கு அதிகமானால் திரை நத்தையாகும். ஒருவர் மாட்யூலைத் தனி எடிட்டில் திறந்தால் மற்றவர் படிக்க மட்டுமே முடியும். அதனால் பங்கிட்டு எடிட் செய்யும் பிரிவுகளை முன்பே வகுக்க வேண்டும். டோர்ஸ் நெக்ஸ்ட் பெயரில் மட்டுமே உறவு. கட்டமைப்பு வேறு, டிஎக்ஸ்எல் அங்கே ஓடாது. "அப்கிரேட்" என்று நினைத்துத் திட்டமிடாதீர்கள், இடமாற்றம் என்று நினைத்து நாள் ஒதுக்குங்கள்.

சீமென்ஸின் போலாரியன் வேர்டு மாதிரி ஆவணமாக எழுத விரும்பும் குழுவுக்கு ஏற்றது. எழுதும் பத்தியே தனி வொர்க் ஐட்டம் ஆகும். பின்னணியில் பதிப்புகளைச் சேமிக்கும் சப்வெர்ஷன் இருப்பதால் வரலாறு முழுமையாக நிற்கும். 2022-இல் பிடிசி வாங்கிய கோட்பீமர், ரெக்வயர்மென்ட், டெஸ்ட், ரிஸ்க் மூன்றையும் ஒரே இடத்தில் ட்ராக்கர்களாக வைக்கிறது. ஆரம்ப அமைப்பை யோசித்துச் செய்யாவிட்டால் புலங்கள் காடாக வளரும். ஜாமா கனெக்ட்டின் பலம் ரிவ்யூ. டூலைத் தினமும் திறக்காத மேலாளரும் மருத்துவரும்கூடக் கருத்துச் சொல்லி ஒப்புதல் தர முடிகிறது. மருத்துவக் கருவி செய்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

பத்துப் பேருக்குக் குறைவான, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் எல்லோருக்கும் தெரிந்த குழுவா? டோர்ஸ்டாப், ஸ்டிரிக்ட்டாக் போன்ற திறமூலக் கருவிகளைத் தயங்காமல் பாருங்கள். டோர்ஸ்டாப்பில் ஒவ்வொரு ரெக்வயர்மென்டும் ஒரு சிறு யாமல் (எளிய உரை) கோப்பு. லிங்க்கோடு மேல்நிலை வரியின் கைரேகை போன்ற ஹாஷ் பதிந்திருக்கும். மேலே 60 என்பது 55 ஆனதும் ஹாஷ் பொருந்தாது, அடுத்த சரிபார்ப்பில் எச்சரிக்கை வரும். கோடும் ரெக்வயர்மென்டும் ஒரே கமிட்டில் போகும். ஆனால் கிட் தெரியாத ஒரு சிஸ்டம் எஞ்சினியர் குழுவில் இருந்தாலும் இது ஓடாது. அவர் எக்செலில் எழுதி மெயிலில் அனுப்பத் தொடங்குவார்.

லைசென்ஸும் தகுதிச் சான்றும்

எழுதுபவர், ரிவ்யூ மட்டும் செய்பவர், படிப்பவர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். மூன்றுக்கும் விலை வேறு. சென்னையும் ஜெர்மனியும் ஒரே ஃப்ளோட்டிங் லைசென்ஸை (ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற உரிமத்தை) பகிர்ந்தால், அங்கே காலை 9 மணி இங்கே குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30. அங்கிருந்து மாலைவரை இரண்டு பக்கமும் டூலுக்குள் இருக்கும். எண்ணிக்கையை அந்த உச்ச நேரத்துக்குப் போடுங்கள், நாள் சராசரிக்குப் போடாதீர்கள்.

ஐஎஸ்ஓ 26262-இன் 8-ஆம் பகுதி, டூல் தவறு செய்தால் அது கண்ணில் படுமா என்று மதிப்பிடச் சொல்கிறது. விற்பவர் தரும் சான்றிதழ் குறிப்பிட்ட பதிப்புக்கும் குறிப்பிட்ட பயன்பாட்டுக்குமே பொருந்தும். நீங்கள் சேர்க்கும் ஸ்கிரிப்ட் அதில் அடங்காது. எது எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் ட்ரேசபிலிட்டி அறிக்கையை உங்கள் ஸ்கிரிப்ட் உருவாக்கினால், அதை நீங்களே மதிப்பிட வேண்டும்.

கடைசிச் சோதனை, வெளியேறுவது

இதை வாங்குவதற்கு முன்பே செய்யுங்கள். ஏற்றிய 200 வரிகளையும் லிங்க், இணைப்புக் கோப்புகள், வரலாறு, பேஸ்லைன் ஆகியவற்றோடு வெளியே எடுங்கள். ரெக்இஃப்பில் வரலாறும் பேஸ்லைனும் வராது. அவற்றுக்கு ஏபிஐ, அதாவது ப்ரோக்ராம்கள் டூலோடு பேசும் வழி, மூலமாகத் தனியே ப்ரோக்ராம் எழுத வேண்டியிருக்கும். கிளவுட் பதிப்பில் ஏபிஐக்கு மணிக்கு இத்தனை அழைப்புகள் என்ற வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். 50,000 வரிகளை எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று அதை வைத்துக் கணக்கிடுங்கள். சந்தா முடிந்த பிறகு எத்தனை நாள் தரவு படிக்கக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எடுத்ததைக் காலியான ஒரு ப்ராஜெக்டில் மறுபடி ஏற்றி மூன்று எண்களைச் சரிபாருங்கள்: வரிகள், லிங்க்குகள், இணைப்புக் கோப்புகள். மூன்றில் ஒன்று குறைந்தாலும், குறைந்தது எது என்று விற்பவர் எழுத்தில் பதில் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.