பழைய பள்ளி அட்லஸ் மேப்: எந்த வருடத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய பேப்பர் கடையில் அட்லஸ் கிடைத்தால் பெரும்பாலும் அட்டை இருக்காது, வருடம் போட்ட முதல் பக்கமும் அதோடு போயிருக்கும். கவலை வேண்டாம். மேப்பே தன் வயதைச் சொல்லும். அதிலும் சென்னை மாகாண மேப் என்றால் வேலை சுலபம், நம் ஊர் எல்லைகள் அத்தனை தடவை மாறியிருக்கின்றன.

முதலில் மாகாணத்தின் வடக்கு முனையைப் பாருங்கள். எல்லை சில்கா ஏரி வரை நீண்டிருந்தால் அது 1936 ஏப்ரலில் ஒரிசா தனி மாகாணம் ஆவதற்கு முந்தைய நிலவரம். அப்புறம் அப்படியே கீழே இறங்கி, காவிரியில் மேட்டூர் பக்கம் நீலத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மேட்டூர் அணை முடிந்தது 1934-இல். சில்காவும் இருந்து மேட்டூர் ஏரியும் இருந்தால், கையில் இருப்பது அநேகமாக 1934-க்கும் 1936-க்கும் நடுவில் வரைந்தது. இரண்டே நிமிட வேலை!

இப்படிச் சின்ன இடைவெளிகள் நிறைய உண்டு. ஆந்திராவுக்குத் தலைநகர் கர்னூல் என்று போட்டிருந்தால் 1953 அக்டோபருக்கும் 1956 அக்டோபருக்கும் இடையில். அந்த மேப்பில் மலபார் சென்னை ராஜ்யத்திலும் கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருக்க வேண்டும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'தமிழ்நாடு' என்று அச்சாகி, பக்கத்தில் இன்னும் 'மைசூர்' என்றே இருந்தால் 1969 முதல் 1973 வரை. கீழே இலங்கை 'சிலோன்' ஆகவே இருந்தால் 1972-க்குள் என்று இன்னும் நெருக்கலாம். புதுக்கோட்டை சமஸ்தானமாகத் தனி நிறத்தில் இருந்தால் 1948-க்கு முன். ராமநாதபுரம் தனி மாவட்டமாக இருந்தால் 1910-க்குப் பின்.

ஆனால் இங்கேதான் புதிதாகச் சேகரிப்பவர்கள் வழுக்கி விழுகிறார்கள். பள்ளி அட்லஸ் போடுகிறவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாக வரைவதில்லை, பழைய அச்சுத் தகட்டையே அங்கங்கே திருத்தி ஓட்டுவார்கள். எல்லையையாவது சீக்கிரம் திருத்துவார்கள், பரீட்சையில் கேட்பார்களே! ரயில் பாதை விஷயத்தில் அந்த அவசரம் இருக்காது. அதனால் புதிதாக வந்த ஒன்று மேப்பில் இருந்தால் அதை நம்பலாம். பழசு இன்னும் அழியாமல் இருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பாம்பன் பாலத்தைத் தாண்டித் தனுஷ்கோடி வரை ரயில் ஓடினால் மேப் 1914-க்கு முந்தையதாக இருப்பது கடினம். அந்தப் பாதையை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது என்பதற்காக, மேப் 1964-க்கு முன்னால் அச்சானது என்று சொல்லிவிட முடியாது. புள்ளிக்கோடாகப் போட்ட பாதையையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அது போடப்போகிற பாதையாக இருக்கலாம். குறைந்தது மூன்று தடயங்கள் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நான் வருடம் எழுதுவேன்.

அட்டையில் விலை ஒட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அணாவில் விலை போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். பையன்கள் ஓரத்தில் எழுதிய பெயர், வகுப்பு, வருடம் எல்லாம் கூட உதவும், ஆனால் அண்ணன் புத்தகம் தம்பிக்கும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும்போது பத்து மடங்கு லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். நிறப் பகுதியை அதில் பார்க்கும்போது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நுண்புள்ளிகள் பூப்பூவாகச் சேர்ந்து தெரிந்தால், அது நூறு வருட மேப் இல்லை, அண்மைக்கால நகல். இது தெரியாமல் ஃபிரேம் போட்ட மேப் ஒன்றைப் பெரிய விலைக்கு வாங்கி ஏமாந்திருக்கிறேன், காகிதத்தைக்கூட டீத்தண்ணீரில் பழசாக்கியிருந்தார்கள். நிஜப் பழுப்பு ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும், பக்கம் முழுக்க ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சென்னையில் தேட சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகம், மயிலாப்பூர் லஸ் நடைபாதைக் கடை என்று தொடங்கலாம். வெளியூரில் எடைக்கடைக்காரரிடம் சொல்லி வைப்பதுதான் வழி. முழு அட்லஸ் கிடைத்தால் தயவுசெய்து பக்கங்களைப் பிரித்து விற்காதீர்கள், மற்ற பக்கங்கள்தான் உங்கள் மேப்புக்குச் சாட்சி. பர்மா இந்தியாவோடு ஒரே நிறத்தில் இருக்கிறதா (1937-இல் பிரிந்தது) என்று பார்க்க அந்தப் பக்கம் வேண்டாமா?

கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். நான் ஒட்டிய ஒன்றில் திருநெல்வேலியே பழுப்புக் கறையாகிவிட்டது. லேமினேஷனும் வேண்டாம். பாலியஸ்டர் உறையில் போட்டு, மடிக்காமல் படுக்கையாக, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்த வருடத்தைப் பின்பக்க மூலையில் பென்சிலால் எழுதி, எந்தத் தடயத்தை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் அதன் கீழேயே குறித்து வையுங்கள்.