முள்ளா, பாம்பா? திருகோணமலையில் புதிதாக மீன்பிடிக்க இறங்குபவர்களுக்கு

போன சீசனில் நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுத்துவிட்டு மீன் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தபோது, எங்களோடு நின்ற ஒரு தம்பி விரலில் ஏதோ குத்திவிட்டது என்றான். கெளுத்தி முள்ளாக இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். வீக்கம் இல்லை, வலியும் இல்லை. இரண்டு மணித்தியாலம் போக, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தொடையெல்லாம் உளைகிறது என்று உட்கார்ந்துவிட்டான். குத்தியது முள்ளில்லை, கடற்பாம்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் பிடியுங்கள். கடற்பாம்பின் வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். விலாங்கு என்று நினைத்துத் தூக்குபவர்கள் உண்டு. விலாங்குக்குச் செதில் தெரியாது, தலைக்குப் பின்னால் செவுள் துவாரம் இருக்கும். சந்தேகமாக இருந்தால் பாம்பு என்றே வையுங்கள்.

அடுத்தது இடம். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடா மாதிரி, ஆறு கலக்கும் கலங்கல் தண்ணீரில் கூடுதல் கவனம் வேண்டும். வலைகடியன் என்கிற கடற்பாம்புக்குக் கெளுத்தி பிடித்த சாப்பாடு. ஆகவே மடி (வலையில் மீன் சேருகிற பை) நிறையக் கெளுத்தி வந்திருந்தால், அதைத் தின்ன வந்த பாம்பும் உள்ளே இருக்கலாம். அங்கே வெறுங்காலோடு இறங்கவேண்டாம், ரப்பர் சப்பாத்து போடுங்கள், காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள்.

இனி முக்கியமான இடம், வலை. கடி பெரும்பாலும் நீந்தும்போது விழுவதில்லை, வலையிலிருந்து எடுக்கும்போதுதான். மடியைக் கொட்டியதும் கையை விடாதீர்கள். ஒரு தடியால் மீனைப் பரப்பி, இருட்டென்றால் டோர்ச் அடித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மீனைப் பிரித்தெடுக்கவேண்டும். பாம்பு இருந்தால் நீளமான தடியால் தூக்கித் தண்ணீரில் விடுங்கள். வாலைப் பிடித்து வீசுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், அது திரும்பிக் கடிக்கும். தூண்டிலில் மாட்டினால் தங்கூசியை (தூண்டில் நரம்பை) வெட்டிவிடுங்கள், ஒரு தூண்டில் போனால் போகட்டும். செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள், செத்த தலையும் கடிக்கும்.

சரி, கடித்துவிட்டது என்றால்? கெளுத்தி குத்தினால் உயிர் போகிற மாதிரிக் கடுக்கும். கடற்பாம்பு கடித்தால் அநேகமாக வலியே இராது, சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் தெரியும். ஆகவே குத்தியும் வலிக்கவில்லை என்றால்தான் பயப்படவேண்டும். அரை மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் உடம்பு உளைவு, தசை இறுக்கம், கண்ணிமை சொருகுதல் எல்லாம் வரலாம். அதுவரை காத்திருக்காமல் உடனே 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூதூரோ கிண்ணியாவோ, கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடிபட்டவர் நடக்கக்கூடாது, வள்ளத்தில் என்றால் துடுப்பை மற்றவர் பிடிக்கட்டும். கையையோ காலையோ எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் தடி வைத்து அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு போடுவது, வெட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. உளைவுக்கு என்று வீட்டு மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகக் ‘கடற்பாம்பு’ என்று சொல்லுங்கள். இங்கே வழக்கமாகப் போடும் இந்திய விஷமுறிவு ஊசி நாகம், கண்ணாடி விரியன் மாதிரியான தரைப் பாம்புகளுக்கானது, கடற்பாம்புக்கு இல்லை. அதனால் வைத்தியர்கள் மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றத்தான் பாடுபடுவார்கள், அதற்கு நேரம் வேண்டும். சிறுநீர் பிளேன்டீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் உடனே சொல்லுங்கள், தசை கரைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். ஒன்றும் செய்யவில்லை, சுகமாக இருக்கிறேன் என்று நீங்களாகவே துண்டு வெட்டிக்கொண்டு (ஆஸ்பத்திரியிலிருந்து விலகிக்கொண்டு) வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், அவர்கள் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.