ஐஇபி கோல் எழுதும்போது இதெல்லாம் பண்ணாதீங்க

சிறப்புக் கல்விக்குப் புதுசா வர்றவங்க எழுதின ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா எழுதுற கல்வித் திட்டம்; அதுல வர்ற இலக்குதான் கோல்) ஃபைலைப் புரட்டுறப்பல்லாம், முன்னாடி எங்க செட்டே விழுந்த அதே பள்ளத்துல இவங்களும் விழுறது தெரியுது. "புரிந்துகொள்வான்", "முன்னேற்றம் காட்டுவான்"னு அளக்க முடியாதபடி எழுதக்கூடாதுன்னு பயிற்சியிலயே சொல்லியிருப்பாங்க, அதை விட்டுடறேன்.

எவ்வளவு உதவியோடன்னு எழுதாம விடுறது

இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் வர்ற தப்பு இதுதான். "சட்டையில 4 பட்டன் போடுவான், 5 தடவைக்கு 4 தடவை." பார்க்க அளந்த மாதிரியே இருக்கு, ஆனா பட்டனை யார் போட்டது? ஒரு பையனுக்கு இந்த கோல் முடிஞ்சதுன்னு டிக் போட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பிட்டாங்க, புது டீச்சரும் அதை நம்பி ஷூ லேஸ் ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா, உதவியாளர் பட்டனை ஓட்டைக்குள்ள பாதி தள்ளிவிடுறாங்க, அவன் வெளிய வந்த விளிம்பை இழுக்கிறான், அவ்வளவுதான். அவங்க கையை எடுத்ததும் பட்டனை விட்டுட்டு அவங்க முகத்தையே பார்த்துட்டு நிக்கிறான். காத்திருக்கத்தான் பழக்கியிருக்காங்க. இதுல அம்மாகிட்ட "ஸ்கூல்ல நல்லா செய்றானே, வீட்ல நீங்கதான் விடமாட்டேங்கிறீங்க"ன்னு வேற சொல்லியிருக்காங்க, பாவம் அந்தம்மா.

கையைப் பிடிச்சா, சைகை காட்டினா, வாயால சொன்னா, தானாவா? இன்னிக்கு எந்த ப்ராம்ப்ட்ல (உதவியில) இருக்கான், எதுக்கு வரணும், ரெண்டையும் கோல்லயே எழுதுங்க. டேட்டா ஷீட்லயும் "சரி", "தப்பு"ன்னு மட்டும் போடாம ஒவ்வொரு தடவையும் எந்த உதவின்னு குறிங்க. வாயால சொல்றதை சின்ன உதவின்னு நினைச்சுடாதீங்க, பல பிள்ளைங்களுக்கு அதை நிறுத்துறதுதான் பெரும்பாடு.

பேஸ்லைன் (இப்ப எவ்வளவு செய்றான்ங்கிற தொடக்க அளவு) இல்லாம கோல்

எழுதாதீங்க.

எல்லாத்துக்கும் 80 சதவீதம்

பத்து வார்த்தை படிக்கச் சொல்ற வேலைக்கு சதவீதம் சரி. இடத்துல உட்கார்றதுக்கு நிமிஷம், கை கழுவுறதுக்கு எத்தனை படி தானா செய்றான், சொன்னதும் ஆரம்பிக்க எத்தனை செகண்ட் ஆகுது. வேலையைப் பார்த்துட்டு அளவுகோலை எடுங்க.

ஒரே வரியில மூணு கோல்

பிரிங்க.

"அடிக்க மாட்டான்"

சும்மா படுத்திருக்கிற பிள்ளையும் அடிக்கிறதில்லையே. அடிக்கிறதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு எழுதுங்க: கணக்கு நேரத்துல முடியலன்னா, யாரும் ஞாபகப்படுத்தாம ப்ரேக் அட்டையை (கொஞ்சம் ஓய்வு வேணும்னு காட்டுற அட்டை) எடுத்து டீச்சர் கையில குடுப்பான், 5 வாய்ப்புல 4 தடவை, தொடர்ந்து 3 நாள்.