பூனையின் அவசர ஆபரேஷனுக்குப் பண உதவி கேட்பது எப்படி?

ஆண் பூனை மண் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கும். கத்தும். ஒரு சொட்டு மூத்திரம்கூட வராது. மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் மூத்திரப் பாதை அடைத்திருக்கும். அப்படி அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளிலேயே இதயம் நின்றுவிடும் அளவுக்குப் போய்விடும். மாடியிலிருந்து விழுந்த பூனை, ஊசியோடு நூலை விழுங்கிய பூனை, கருப்பையில் சீழ் பிடித்த பெண் பூனை என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். மருத்துவர் "இப்பவே அட்மிட் பண்ணணும்" என்பார். அடுத்த நிமிடமே கவுன்டரில் அட்வான்ஸ் கேட்பார்கள். மாதக் கடைசியாக இருந்தால் கையில் எதுவும் இருக்காது.

பணம் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "என் பூனையைக் காப்பாத்துங்க" என்று மட்டும் எழுதினால் பத்துப் பேர் அழுகிற எமோஜி போட்டுவிட்டுப் போவார்கள். எவ்வளவு, எதற்கு, எப்போதுக்குள், யார் கணக்குக்கு என்று எழுதினால் பணம் வரும். இந்தப் பதிவு முழுக்க அந்த நான்கையும் எப்படித் தயார் செய்வது என்பதுதான்.

படி 1: இன்று ராத்திரிக்கு எவ்வளவு என்று கேளுங்கள்

முதலில் பூனை மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். அதுவரை கைவைத்தியம் வேண்டாம். முக்கியமாக, வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு விஷம், கால் மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவும் கூடாது, குடல் கிழிந்துவிடும்.

மருத்துவர் பார்த்து முடித்ததும் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், இன்னிக்கு ராத்திரியே செய்ய வேண்டியது எது? ரெண்டு நாள் பொறுத்துச் செய்யலாம்னா எது?" பெரிய தொகையைக் கேட்டு மலைத்துப் போகாமல் இருக்க இந்தக் கேள்விதான் உதவும். மூத்திர அடைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு செய்ய வேண்டியது மயக்கம் கொடுத்து கதீட்டர் (மெல்லிய குழாய்) போட்டு அடைப்பை எடுப்பது, டிரிப்ஸ் ஏற்றுவது, இரத்தப் பரிசோதனை. மூத்திரப் பாதையை அகலமாக்கும் ஆபரேஷன் பெரும்பாலும் அடைப்பு மறுபடி மறுபடி வந்தால், அல்லது கதீட்டரே போட முடியாமல் போனால்தான். எனவே இன்றைய பணம் வேறு, அடுத்த வாரப் பணம் வேறு.

அப்புறம் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், ஒரு நாள் வார்டு வாடகை, மருந்து என்று தனித்தனியாக இருக்க வேண்டும். வாயால் சொல்லும் மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு யாரிடமும் உதவி கேட்க முடியாது.

படி 2: பில்லைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்

பிறரிடம் கேட்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். "அரசு ஆஸ்பத்திரியில கேட்டுப் பார்த்தீங்களா?" என்று எப்படியும் ஒருவர் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. அறுவை சிகிச்சைப் பேராசிரியர்களே பார்க்கும் இடம். கட்டணம் தனியாரைவிட நன்றாகவே குறைவு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. போகும் முன் போன் செய்து, அந்த நேரத்தில் அவசர சிகிச்சையும் பூனை ஆபரேஷனும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூனை பயணத்தைத் தாங்குமா என்பதையும் இப்போது பார்க்கும் மருத்துவரிடமே கேட்டு, எடுத்த ரிப்போர்ட்டுகளைக் கையோடு வாங்கிச் செல்லுங்கள். இல்லாவிட்டால் அதே பரிசோதனைக்கு இன்னொரு முறை காசு.

தெருவில் அடிபட்டுக் கிடந்து நீங்கள் எடுத்து வந்த பூனை என்றால் வேளச்சேரி புளூ கிராஸ் போன்ற பிராணி நல அமைப்புகளையும் கேட்கலாம்.

தனியார் மருத்துவமனையிலேயே தொடர்வதாக இருந்தால், தவணையில் கட்டலாமா, மருந்தை வெளியில் வாங்கிக்கொள்ளலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

படி 3: உங்கள் பங்கை முதலில் வையுங்கள்

திரட்டும் பணம் வந்து சேர நாளாகும். பூனைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அதனால் முதல் நாள் அட்வான்ஸுக்கு நகைக் கடன்தான் என் முதல் யோசனை. வங்கியில் அன்றைக்கே கையில் கிடைத்துவிடும், வட்டியும் தனியார் வட்டிக் கடையைவிடக் குறைவு. அலுவலகத்தில் சம்பள முன்பணமும் கேட்கலாம். நீங்கள் ஒரு பங்கு போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மற்றவர்களும் தைரியமாகக் கொடுப்பார்கள். வேலையே இல்லாதவர், படிக்கிற பிள்ளை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள், தப்பில்லை. மீட்டர் வட்டிப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

படி 4: செய்தியை எழுதுங்கள்

ஒரு மாதிரி தருகிறேன். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எஸ்டிமேட்டில் இருப்பதைப் போடுங்கள்.

"வணக்கம். எங்கள் பூனை சிம்பாவுக்கு (3 வயது, ஆண்) நேற்று ராத்திரி மூத்திரம் அடைத்துவிட்டது. இப்போது மருத்துவமனையில் இருக்கிறான். கதீட்டர் போட்டிருக்கிறார்கள், டிரிப்ஸ் ஏறுகிறது. மூன்றாவது முறையாக அடைப்பதால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். மொத்தச் செலவு 34,000. நாங்கள் 15,000 கட்டிவிட்டோம். மீதி 19,000 வியாழன் மாலைக்குள் வேண்டும். எஸ்டிமேட்டும் கட்டிய ரசீதும் கீழே இருக்கின்றன. மருத்துவமனையின் க்யூ.ஆர். கோடுக்கே நேராக அனுப்பலாம், குறிப்பில் 'சிம்பா' என்று போட்டால் போதும். 100 ரூபாயும் பெரிய உதவிதான். பணம் அனுப்ப முடியாதவர்கள் இதை ஒருவருக்காவது பகிருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு இதுவரை எவ்வளவு வந்தது என்று எழுதுகிறேன்."

மீதித் தொகையும் கெடுவும் பளிச்சென்று தெரிகின்றன. மருத்துவமனைக்கே நேராகப் பணம் போவதால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிரார்த்தனை, கண்ணீர், பூனையின் வாழ்க்கை வரலாறு எதுவும் இல்லை. படம் ஒன்று போதும், அதுவும் பூனையின் முகம் தெரிகிற படம். ரத்தமும் தையலுமாக இருக்கிற படத்தைப் போட்டால் பார்க்கிறவர்கள் படிக்காமலே நகர்ந்துவிடுவார்கள். எஸ்டிமேட்டைப் படம் எடுக்கும்போது உங்கள் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் மறைத்துவிடுங்கள்.

படி 5: ஒவ்வொருவராகக் கேளுங்கள்

குடும்ப குரூப்பில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, தனித்தனியாக அழைத்துப் பேசினால் பலன் அதிகம். "சித்தப்பா, ஒரு உதவி வேணும். சிம்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ரெண்டாயிரம் குறையுது. கடனா குடுத்தாலும் சரி, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி திருப்பிடறேன்" என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்கள். உதவியா கடனா என்பதை அப்போதே தெளிவாக்கிவிடுவது நல்லது, பின்னால் உறவில் கசப்பு வராது.

"ஒரு பூனைக்கா இவ்வளவு செலவு? வேற குட்டி எடுத்துக்கோயேன்" என்பவர்கள் இருப்பார்கள். வாதாடாதீர்கள். "சரி அத்தை, பரவாயில்லை" என்று போனை வைத்துவிட்டு அடுத்தவரை அழையுங்கள். உங்கள் மடியில் தூங்கி வளர்ந்த உயிர் அது, அதன் விலையை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள், உங்கள் ஊர்ப் பிராணி நலக் குழுக்கள் ஆகியோரை முதலில் அணுகுங்கள். அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

படி 6: இணையத்தில் திரட்டுவதாக இருந்தால்

தொகை பெரிதாக இருந்தால் மிலாப், கெட்டோ போன்ற நிதி திரட்டும் தளங்கள் இருக்கின்றன. அடையாள அட்டை, வங்கி விவரம், மருத்துவமனைத் தாள்கள் எல்லாம் கேட்பார்கள். சரிபார்த்துப் பணம் கைக்கு வர நாட்கள் ஆகலாம். தளத்தின் கட்டணம் எவ்வளவு என்று தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

பதிவு பரவியதும் மோசடிக்காரர்களும் வருவார்கள். "பத்தாயிரம் அனுப்புறேன், இந்த ரிக்வெஸ்ட்டை ஏத்துக்கிட்டு பின் போடுங்க" என்றால் அது திருட்டு. பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. "தவறி அதிகமா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பிடுங்க" என்று ஸ்க்ரீன்ஷாட் காட்டினால், வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வரி விஷயம் ஒன்று. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வாங்கும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்த முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும். அந்த அளவுக்கு வரும் என்று தெரிந்தால் ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். தனிநபருக்குக் கொடுக்கும் பணத்துக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கிடையாது, கொடுப்பவர் கேட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

படி 7: கணக்குக் காட்டுங்கள்

சொன்ன நேரத்தில் சொன்னபடி எழுதுங்கள்: இவ்வளவு வந்தது, இவ்வளவு பாக்கி. தொகை நிறைந்ததும் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று அறிவித்து, பழைய பதிவுகளின் மேலேயும் அதை எழுதுங்கள். பகிரப்பட்ட செய்தி மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி பில்லைப் போடுங்கள். கழுத்தில் கூம்புப் பட்டையோடு பூனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படத்தையும் போடுங்கள், கொடுத்தவர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள்.

ஆபரேஷன் செய்தும் பூனை பிழைக்காமல் போகலாம். அன்றைக்கே இரண்டு வரி எழுதிவிடுங்கள். பணம் வீணாகிவிட்டதே என்று மன்னிப்புக் கேட்க வேண்டாம், சிகிச்சை நடந்திருக்கிறது, பில் கட்டப்பட்டிருக்கிறது. மீதி இருந்தால் அதே மருத்துவமனையில் பணம் கட்ட முடியாமல் இருக்கும் வேறொரு பூனைக்குக் கொடுக்கலாமா என்று கொடுத்தவர்களிடம் கேளுங்கள். திருப்பித் தரச் சொல்பவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தக் கணக்கையும் எழுதுங்கள்.